பிராங்கோஸ்கோப்பியின்போது ஆக்சிஜன்: மூக்குக் குழாய் போதுமா, ஹை ஃப்ளோ வேண்டுமா?

உங்கள் தந்தைக்கு 67 வயது. பல ஆண்டுகள் பீடி புகைத்தவர். எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு நிழல் தெரிவதால் பிராங்கோஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு உள்ளே பார்க்கும் பரிசோதனை, செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் அளவு 92 காட்டுகிறது. ஒரு மருத்துவமனையில் மூக்கில் சிறு குழாய் வைத்தால் போதும் என்றும், இன்னொன்றில் ஆக்சிஜனை மிகுந்த வேகத்தில் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவி வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்றும் சொல்கிறார்கள். எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கருவியைப் பற்றியது என்றாலும், மூச்சு போகிற வழியிலேயே ஒரு குழாயை நுழைத்தால் அப்பா எப்படி மூச்சு விடுவார், நடுவில் மூச்சு முட்டினால் என்ன செய்வார்கள் என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எனக்குப் படுகிறது. மயக்க மருத்துவராக இந்தப் பரிசோதனைகளின்போது நோயாளியின் தலைமாட்டில் நின்று மூச்சைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவரை நேரில் பார்க்காமல் அவருக்கு இன்ன கருவிதான் வேண்டும் என்று நான் சொல்ல முடியாது. எதையெல்லாம் வைத்து அந்த முடிவு எடுக்கப்படுகிறது என்பதை மட்டும் விளக்குகிறேன்.

முதலில் குழாய் அடைத்துக்கொள்ளும் இடத்தைப் பற்றிய அச்சம். பெரியவர்களுக்குப் பயன்படும் வளையும் பிராங்கோஸ்கோப்பின் வெளி விட்டம் ஏறத்தாழ 5 முதல் 6 மி.மீ. வரை இருக்கும். ஒரு ஆணின் மூச்சுக்குழாய் உட்புறம் 18 மி.மீ. அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், குழாய் அதன் குறுக்குப் பரப்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் பிடித்துக்கொள்கிறது. மற்ற ஒன்பது பங்கின் வழியே அவர் தாமாகவே மூச்சு விடுகிறார். குரல்வளையில் வழி இன்னும் குறுகலானது; அங்கே நுழையும் சில நொடிகளில்தான் இருமலும் திணறலும் மிகும். மரத்துப்போவதற்காகத் தொண்டையில் லிக்னோகேயின் தெளித்திருப்பார்கள். அதனால் எச்சில் விழுங்க முடியாதது போன்ற உணர்வு வரும், அதையே பலர் மூச்சு அடைப்பதாக எண்ணிப் பதறுகிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் அந்தப் பதற்றம் பெருமளவு குறைகிறது. ஏற்கெனவே வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் நிலை வேறு: அவருடைய 8 மி.மீ. செயற்கைக் குழாய்க்குள் 5.7 மி.மீ. ஸ்கோப்பை விட்டால் பாதி வழி அடைபடும், 7 மி.மீ. குழாயாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். இணையத்தில் நீங்கள் படித்த அச்சமூட்டும் விவரங்களில் சில அத்தகைய நோயாளிகளைப் பற்றியவையாக இருக்கலாம்.

வழி இவ்வளவு திறந்திருந்தும் ஆக்சிஜன் ஏன் குறைகிறது என்றால், குழாயின் பருமனைவிட அதைக் கொண்டு செய்யும் வேலைகளே காரணம். சளியை உறிஞ்சும்போது அதோடு நுரையீரலில் இருக்கும் காற்றும் உறிஞ்சப்படுகிறது. லேவேஜ் என்று சொல்லி, நுரையீரலின் ஒரு பகுதிக்குள் 100 மில்லிக்கும் மேல் உப்பு நீரைச் செலுத்தித் திரும்ப எடுப்பார்கள். செலுத்தியது முழுவதும் திரும்பி வராது, மிஞ்சிய நீர் தங்கிய இடம் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும் வரை, சில மணி நேரத்துக்குச் சரியாக வேலை செய்யாது. பயாப்ஸிக்காகத் திசுத்துண்டு எடுத்த இடத்தில் ரத்தம் கசிந்தாலும் அப்படித்தான். இவற்றோடு, பயத்தையும் இருமலையும் அடக்கக் கொடுக்கும் அரைமயக்க மருந்து மூச்சின் ஆழத்தையும் வேகத்தையும் குறைக்கிறது, நாக்கையும் பின்னுக்குச் சரியவிடுகிறது. என் அனுபவத்தில் எதிர்பாராத இறக்கங்களுக்கு ஸ்கோப்பைவிட இந்த மருந்துதான் அதிகமாகக் காரணமாக இருந்திருக்கிறது. உங்கள் தந்தை பலமாகக் குறட்டை விடுபவர் என்றால் அதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவராகக் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி, ஆக்சிஜன் கொடுப்பதால் என்ன கிடைக்கிறது என்பது. நாம் மூச்சை வெளியே விட்ட பிறகும் ஒரு பெரியவரின் நுரையீரலில் இரண்டு, இரண்டரை லிட்டர் காற்று தங்கியிருக்கும். மின்சாரம் நின்றபின் வீட்டுக்குத் தண்ணீர் தருகிற மொட்டைமாடித் தொட்டி போல, மூச்சு தடைப்படும்போது உடம்பு இதை வைத்துத்தான் சமாளிக்கிறது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், மற்றது பெரும்பாலும் நைட்ரஜன். உடம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லி ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. எனவே காற்றை மட்டும் சுவாசித்தவருக்கு மூச்சு நின்றால் இருப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். நைட்ரஜனை வெளியேற்றி அந்த இடத்தை ஆக்சிஜனால் நிரப்பிவிட்டால், ஆரோக்கியமானவருக்கு ஏழெட்டு நிமிடம் வரை கூடத் தாங்கும். நுரையீரல் கெட்டவருக்கு இந்த அவகாசம் வெகுவாகச் சுருங்கிவிடும். ஸ்கோப்பை நுழைப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பே ஆக்சிஜனைத் தொடங்கிவிடுவது இதற்காகத்தான். உங்கள் தந்தையின் 92 என்ற எண்ணையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் செறிவு, அதாவது விரல் கருவி காட்டும் எண், 90க்கு மேல் இருக்கும் வரை ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஓரளவு குறைந்தாலும் எண் அதிகம் அசையாது. 90க்குக் கீழே போனதும் சிறு குறைவுக்கே எண் மளமளவென்று சரியும். 98இல் தொடங்குபவருக்குச் சமதளம், 92இல் தொடங்குபவருக்குச் சரிவின் விளிம்பு. பயப்பட வேண்டிய எண் அது என்று சொல்லவில்லை, புகைத்தவர்களிடம் சாதாரணமாகக் காண்பதுதான். ஆனால் முன்னேற்பாடு தேவைப்படும் எண்.

எளிய கருவிகளில் முதலாவது நீங்கள் சொன்ன மூக்குக் குழாய். இரண்டு சிறு முனைகள் மூக்குத் துளைகளில் இருக்கும், நிமிடத்துக்கு 1 முதல் 6 லிட்டர் வரை ஆக்சிஜன் செல்லும். லிட்டருக்கு ஏறத்தாழ 4 சதவீதம் கூடும் என்பது கைக்கணக்கு: 2 லிட்டருக்கு 28, 4 லிட்டருக்கு 36 சதவீதம். இது கைக்கணக்குதான், அமைதியாக மூச்சு விடுபவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் வேகத்தில் காற்றை இழுக்கிறார், திணறுபவர் 60 லிட்டருக்கும் மேலான வேகத்தில் இழுப்பார். குழாய் தருவது 4 லிட்டர் என்றால் மீதி முழுவதும் அறைக்காற்று. நோயாளிக்கு மூச்சு வாங்க வாங்க அவருக்குக் கிடைக்கும் சதவீதம் குறைந்துகொண்டே போகும். தேவை கூடும் வேளையில் வரத்து மெலிந்துவிடுவதுதான் இதன் பலவீனம். ஸ்கோப் வாய் வழியாகப் போனால் இரு முனைகளும் மூக்கில் இருக்கலாம். மூக்கு வழியாகப் போனால் ஒரு துளைதான் மிஞ்சும், அல்லது முனைகளை வாயோரம் மாற்றி வைப்போம். முகக் கவசத்தில் ஸ்கோப் நுழையத் துளையிட்டுப் பயன்படுத்துவதும் உண்டு. அதற்கென்றே செய்த கவசங்களும் கிடைக்கின்றன. பரிசோதனை நடக்கும்போது நான் மறுபடி மறுபடி பார்ப்பது சின்ன விஷயங்களை: முனை மூக்கிலிருந்து நழுவிக் கன்னத்தில் கிடக்கிறதா, குழாய் டிராலியின் சக்கரத்தில் மாட்டி நசுங்கியிருக்கிறதா, ஆக்சிஜன் ஓடும் வேகத்தைக் காட்டும் ஃப்ளோ மீட்டரின் குண்டு மேலே நிற்கிறதா, பாட்டிலில் குமிழி வருகிறதா. எண் இறங்கும்போது பெரிய காரணங்களைத் தேடுவதற்கு முன் இவற்றைப் பார்த்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஹை ஃப்ளோ கருவி மேற்சொன்ன பலவீனத்தைச் சரிசெய்யத்தான் வந்தது. உடல் வெப்பத்துக்குச் சூடாக்கி ஈரப்பதமூட்டிய காற்று-ஆக்சிஜன் கலவையை நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை மூக்கு வழியே செலுத்துகிறது. ஆக்சிஜன் விகிதத்தை 21 முதல் 100 சதவீதம் வரை நாம் நிர்ணயிக்கலாம். நோயாளி இழுக்கும் வேகத்துக்கு ஈடுகொடுப்பதால் அறைக்காற்று கலப்பது குறைகிறது, தொண்டைப் பகுதியில் தேங்கும் கரியமிலவாயு கழுவப்படுகிறது, மூச்சுப்பாதையில் சிறிதளவு அழுத்தமும் நிற்கிறது. வாய் திறந்திருந்தால் அந்த அழுத்தம் பெரிதும் குறைந்துவிடும். வாய் வழி ஸ்கோப்பில் அதை நம்பி இருக்க முடியாது. இதன் பயனைப் பற்றி உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்று: சாதாரண மூக்குக் குழாயோடும் முகக் கவசத்தோடும் ஒப்பிட்ட ஆய்வுகளில், பரிசோதனையின்போது ஆக்சிஜன் இறங்குவதை ஹை ஃப்ளோ குறைத்திருக்கிறது. அந்தக் குறைவு நோயாளியின் பிந்தைய நலனில் வேறுபாட்டை உண்டாக்குகிறதா என்பது அவ்வளவு தெளிவாக நிறுவப்படவில்லை. ஒரு நிமிடம் 88க்கு இறங்கிப் பின் ஏறிவிட்ட எண், இதயம் நன்றாக இருப்பவருக்குத் தீங்கு செய்ததாகக் காட்டுவது கடினம். இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவரிடம் நான் அதை அனுமதிக்க மாட்டேன். பிரிட்டனின் நெஞ்சுநோய் மருத்துவ அமைப்பான பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டியின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி, செறிவு 4 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ 90க்குக் கீழே போனாலோ, அந்த நிலை ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆக்சிஜன் கொடுக்கச் சொல்கிறது. நம் ஊர்களில் பெரும்பாலோர் அதற்குக் காத்திராமல் தொடக்கத்திலேயே மூக்குக் குழாய் வைத்துவிடுகிறோம். நான் அதையே விரும்புகிறேன்.

ஹை ஃப்ளோவுக்கு ஒரு நடைமுறை விலையும் உண்டு. நம் ஊரில் பி டைப் எனப்படும் சிறிய சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன்தான் இருக்கும். நூறு சதவீதத்தில் 60 லிட்டர் வேகத்தில் ஓட்டினால் 25 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 7,000 லிட்டர் கொண்ட பெரிய டி டைப் சிலிண்டருக்கே ஆயுள் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. சுவரிலிருந்து குழாய் வழியே ஆக்சிஜன் வரும் மருத்துவமனையில் இது பொருட்டல்ல; சிலிண்டரை நம்பியிருக்கும் இடத்தில் இந்தக் கருவியைப் பெருமையாகச் சொன்னால், மாற்றுச் சிலிண்டர் அறையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் தந்தை போன்றவர்களிடம் ஆக்சிஜனைவிட என்னைக் கவலைப்பட வைப்பது கரியமிலவாயு. நீண்ட காலம் புகைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அது வெளியேறாமல் தேங்கும் தன்மை இருக்கும். அவர்களுக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் தேக்கம் கூடி மந்தநிலையும் மயக்கமும் வரலாம். அதனால்தான் அத்தகையவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும் என்று இலக்கு வைக்கிறோம். 92 என்பதைப் பார்த்துப் பதறி, யாராவது 100க்கு ஏற்றட்டும் என்று நீங்கள் வற்புறுத்த வேண்டியதில்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. நல்ல நுரையீரல் கொண்ட ஒருவர் அறைக்காற்றைச் சுவாசிக்கிறார், அரைமயக்க மருந்தால் அவருடைய மூச்சு பாதியாகக் குறைந்து ரத்தத்தில் கரியமிலவாயுவின் அழுத்தம் 40இலிருந்து 80 மி.மீ. பாதரச அளவுக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஆக்சிஜன் செறிவு 90க்கு வெகு கீழே இறங்கிவிடும், கருவி உடனே கூச்சலிடும். அவரே 36 சதவீத ஆக்சிஜனில் இருந்தால், அதே ஆபத்தான நிலையிலும் எண் 95க்கு மேல் நிற்கக்கூடும். ஆக்சிஜன் கொடுப்பதன் மூலம் நாமே எச்சரிக்கை மணியின் வாயை அடைத்துவிடுகிறோம். ஆகவே ஆக்சிஜன் கொடுக்கும் இடத்தில் மூச்சைத் தனியாகக் கண்காணித்தே ஆக வேண்டும்: வெளிமூச்சின் கரியமிலவாயுவை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃபி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நெஞ்சு ஏறி இறங்குவதை இமைக்காமல் பார்க்கும் ஒருவர் வேண்டும். ஹை ஃப்ளோவின் வேகத்தில் கேப்னோகிராஃபியின் அலையே கரைந்து நம்பத்தகாததாகிவிடும். அங்கே மனிதக் கண்தான் கதி. ஸ்கோப்பைப் பிடித்திருப்பவர் திரையைப் பார்ப்பார். அவரால் நெஞ்சைப் பார்க்க முடியாது.

மூக்குக் குழாயும் ஹை ஃப்ளோவும் போதாத நோயாளிகளுக்கு, பைபாப் கருவியின் கவசத்தில் ஸ்கோப் நுழையும் துளை வைத்து அழுத்தத்தோடு மூச்சுக் கொடுத்தபடியே பரிசோதிப்பது உண்டு. மிகவும் சீர்கெட்டவர்களிடம் ஹை ஃப்ளோவைவிட இது ஆக்சிஜனை நன்றாகத் தாங்கிப் பிடித்ததாக ஒப்பீடுகள் இருக்கின்றன. ஆழ்ந்த மயக்கம் தேவைப்பட்டால், குரல்வளைக்கு மேலே அமரும் ஐ-ஜெல் போன்ற கருவியை வைத்து அதனூடே ஸ்கோப்பை விடுகிறோம். மூச்சுக்குழாய்க்குள்ளிருந்தே ஸ்கேன் செய்யும் எண்டோபிராங்கியல் அல்ட்ராசவுண்ட் போன்ற நீண்ட பரிசோதனைகளுக்கு எனக்குப் பிடித்த வழி இது. வளையாத உலோகக் குழாயால் செய்யும் ரிஜிட் பிராங்கோஸ்கோப்பி தனி வகை. 1897இல் ஜெர்மனியில் குஸ்டாவ் கில்லியான் மூச்சுக்குழாயிலிருந்து எலும்புத் துண்டை எடுத்த காலம் தொட்டு இருப்பது அது; வளையும் ஸ்கோப்பை ஜப்பானின் ஷிகெட்டோ இகெடா 1960களில்தான் கொண்டுவந்தார். ரிஜிட்டில் அந்த உலோகக் குழாயே மூச்சுப்பாதை. பக்கவாட்டு இணைப்பின் வழியாக மயக்க மருத்துவர் ஆக்சிஜன் கொடுப்பார், அல்லது 1967இல் சாண்டர்ஸ் விவரித்த முறையில் உயர் அழுத்தத்தில் பீறிட்டுச் செலுத்துவார். பீறிட்ட காற்று வெளியேற வழியில்லாமல் போனால் நுரையீரல் வெடித்துவிடும் என்பதால் அது பழகிய கைக்கு உரிய வேலை. வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழாயில் சிக்கிய குழந்தைகளுக்கு நாங்கள் செய்வது இந்த ரிஜிட் பிராங்கோஸ்கோப்பியைத்தான். குரல்வளை அறுவை சிகிச்சைகளில், மயக்கத்தில் மூச்சு நின்ற நிலையிலேயே நிமிடத்துக்கு 70 லிட்டர் ஹை ஃப்ளோவால் பதினைந்து நிமிட அளவுக்கு ஆக்சிஜனை நிலைநிறுத்த முடிந்ததை 2015இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அது தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் கிடைத்த பலன், நுரையீரல் நோயாளிக்கு அப்படியே பொருத்த முடியாது.

ஆக்சிஜன் அதிகமாக இருந்தால் கெடுதல் இல்லை என்ற எண்ணத்துக்கு எதிரான ஒரு விஷயத்தை விடாமல் சொல்ல வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் லேசரோ மின்சூட்டுக் கருவியோ பயன்படுத்துவதாக இருந்தால், உள்ளிழுக்கும் ஆக்சிஜனை 40 சதவீதத்துக்குக் கீழே குறைத்த பிறகே சூட்டை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் மூச்சுப்பாதையிலேயே தீப்பற்றக்கூடும். ஸ்கோப்பின் உட்துளை வழியே ஆக்சிஜனைச் செலுத்தும் பழைய வழக்கமும் சில இடங்களில் உண்டு. முனை தவறிப்போன சமயங்களில் வயிறு கிழிந்தது, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்தது என்று பதிவுகள் இருப்பதால் நான் அதைச் செய்வதில்லை.

விரலில் மாட்டும் கருவியையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். நுரையீரலில் ஆக்சிஜன் குறைந்தது விரல் நுனியில் தெரியச் சில பத்து நொடிகள் பிடிக்கும். குளிர்ந்த விரல், நகப்பூச்சு, கை நடுக்கம் எல்லாம் எண்ணை மாற்றும். தோல் கறுத்தவர்களிடம் இந்தக் கருவி உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்ட வாய்ப்புண்டு என்று 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு கவனப்படுத்தியது. நம் மக்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும் எச்சரிக்கை. வீட்டுக் கருவியின் 92ஐ மருத்துவமனைக் கருவியோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். அறுவை அறைகளில் உள்ள கருவிகளில் எண் இறங்க இறங்க ஒலியின் சுருதியும் இறங்கும். அந்த ஒலியை அணைக்காமல் வைத்திருக்கும் அறை எனக்கு நம்பிக்கை தரும்.

இவ்வளவையும் வைத்து உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் தந்தை சமதரையில் நடக்கும்போது எண் 90க்குக் கீழே போகவில்லை, ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் நுரையீரல் மிக மோசமாக இல்லை, செய்யப்போவது உள்ளே பார்த்து ஓரிரு பயாப்ஸி எடுக்கும் சிறிய பரிசோதனை, மருந்தும் லேசானது என்றால், மூக்குக் குழாயில் தொடங்குவது முறையான முடிவே. அதைச் சொன்ன மருத்துவமனை அலட்சியமாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். நடந்தால் எண் இறங்குகிறது, லேவேஜும் தேவை, நேரம் நீளும், ஆழ்ந்த அரைமயக்கம் கொடுப்பார்கள் என்றால் ஹை ஃப்ளோவுக்கு ஆகும் செலவு நியாயமானது. நான் அவர் தலைமாட்டில் நின்றால், முன்னதாக ஏபிஜி என்கிற ரத்த வாயுப் பரிசோதனை செய்து கரியமிலவாயு தேங்குகிறதா என்று பார்ப்பேன், வழக்கமான இன்ஹேலரையோ நெபுலைசரையோ அன்று காலையிலும் தவறாமல் கொடுக்கச் சொல்வேன், மூக்குக் குழாயில் தொடங்கி, ஹை ஃப்ளோவை அறைக்குள் தயாராக வைத்திருப்பேன். இரண்டு மருத்துவமனைகளிலும் நீங்கள் கேட்க வேண்டியவை: அரைமயக்க மருந்தைக் கொடுப்பவர் யார், ஸ்கோப் பிடிப்பவரைத் தவிர மூச்சை மட்டும் கவனிக்க ஒருவர் இருப்பாரா, ஆக்சிஜன் இறங்கினால் அடுத்து என்ன செய்வீர்கள். மூன்றாவது கேள்விக்கு, ஸ்கோப்பை வெளியே எடுப்போம், தாடையை உயர்த்துவோம், பையால் மூச்சுக் கொடுப்போம், தேவைப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் செயற்கைக் குழாய் போடுவோம் என்று தயங்காமல் சொல்லக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அவர்களிடம் எந்தக் கருவி இருந்தாலும் சரி.

பரிசோதனை முடிந்ததும் ஆக்சிஜனை உடனே எடுத்துவிட வேண்டாம்; மருந்தின் தாக்கமும் தங்கிய நீரும் விலகும் வரை எண்ணைப் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தொண்டை மரத்திருக்கும் வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு மணி நேரம், ஒரு வாய்த் தண்ணீர் கூடக் கொடுக்கக் கூடாது. அது நேராக மூச்சுக்குழாய்க்குள் போகும். நுரையீரல் திசுவின் ஆழத்திலிருந்து பயாப்ஸி எடுத்திருந்தால் எக்ஸ்ரே எடுத்துக் காற்றுக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள். அறைக்காற்றில் அவருடைய எண் பழைய 92க்குத் திரும்பியிருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பார்த்துவிட்டே கிளம்புங்கள். அன்றிரவு லேசான காய்ச்சலும் சளியில் சில கீற்று ரத்தமும் எதிர்பார்க்கத்தக்கவை. திடீர் நெஞ்சுவலியோ, மூச்சுத் திணறலோ, வாய் நிறைய ரத்தமோ, எழுப்பினால் எழாத தூக்கமோ வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.